புதிய ஜீப் வண்டியில் அதிர்வு: காரணம் அறிந்து களையும் முறை

கருங்கல் வட்டாரத்தில் மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. தேங்காயும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் இரப்பர் ஷீட்டும் சந்தைக்குச் செல்வதற்கும், நூற்கட்டுகள் நெசவாளர் இல்லம் சேர்வதற்கும், நெய்த துணிப்பொதிகள் விற்பனைக்குப் போவதற்கும் வண்டியே துணையாக உள்ளது. செம்மண் வழியிலும் மேட்டுத் தோட்டங்களிலும் ஏறி இறங்கவல்ல ஜீப் வகை வண்டிகளை நம் அங்கத்தினர் சிலர் தனித்தும், சிலர் இருவர் மூவராகச் சேர்ந்தும் வாங்கி வருகின்றனர். பெரும்பாலோர் கடன் பெற்றே வாங்குகின்றனர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணையைக் கட்டியே தீரவேண்டும்.

இத்தகைய புது வண்டி ஓடும்போது நடுங்கினால், வாங்கியவர் செய்வதறியாது திகைக்கின்றார். ஒருவர் டயரைக் குறை கூறுவார். மற்றொருவர் என்ஜினைக் குறை கூறுவார். மூன்றாமவர் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்பார். ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பார்த்துப் பணம் செலவான பின்னரும் நடுக்கம் நின்றபாடில்லை. வெளிப் பட்டறையில் கைவைத்ததனால் கம்பெனியின் உத்தரவாதமும் கேள்விக்கு உள்ளாகிறது. அதிர்வுக்குக் காரணம் பல. ஆனால் ஒவ்வொரு காரணமும் தனக்கே உரிய அடையாளத்தைக் காட்டும். அவ்வடையாளங்களை முறையாகப் பார்க்கத் தெரிந்தால் பட்டறைக்குப் போகுமுன்பே பாதி விடை கிடைத்துவிடும். அம்முறையை இங்கே விளக்க முற்படுகிறோம்.

அதிர்வு தாமதமாகத் தெரிவது ஏன்?

கருங்கலிலிருந்து புதுக்கடைக்கோ திங்கள்நகருக்கோ செல்லும் பாதைகள் குறுகியவை, வளைவுகள் மிக்கவை. மணிக்கு 40 அல்லது 50 கி.மீ. வேகத்துக்கு மேல் செல்ல வாய்ப்புக் குறைவு. ஆதலின் புது வண்டியில் உள்ள குறை பல நாட்கள் வெளிப்படாமலே இருக்கக்கூடும். ஒரு நாள் ஆரல்வாய்மொழியைக் கடந்து, காவல்கிணற்றிலிருந்து திருநெல்வேலி செல்லும் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தை எட்டும்போது ஸ்டியரிங் கையில் துடிக்கத் தொடங்குகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த வண்டி இன்று கெட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் குறை முதல் நாளிலிருந்தே இருந்தது. வேகம்தான் அதனை வெளிக்கொணர்ந்தது.

இராட்டையில் நூல் நூற்றவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கதிர் மயிரளவு கோணியிருந்தாலும் மெதுவாகச் சுற்றும்போது தெரியாது, வேகமாகச் சுற்றினால் கதிர் துள்ளும், இழை அறும். சக்கரத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரு பக்கத்தில் எடை சற்று மிகுந்திருந்தால், அவ்வெடை சுழலும்போது வெளிநோக்கி இழுக்கிறது. இவ்விழுவிசை வேகத்தின் இருமடி விகிதத்தில் வளரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். போலிரோ முதலிய வண்டிகளில் உள்ள 215/75 ஆர் 15 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ.; சுற்றளவு 2.2 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இச்சக்கரம் விநாடிக்கு 10 தடவை சுழல்கிறது. உலோக வளையத்தின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அவ்வேகத்தில் அது ஏறக்குறைய 2.3 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கும். அதுவும் விநாடிக்குப் பத்துமுறை மேலும் கீழுமாகத் திசை மாறி இழுக்கும். 40 கி.மீ. வேகத்திலோ அவ்விசை அரைக் கிலோவுக்குச் சற்றே மேல். அதனால்தான் உள்ளூர்ப் பாதையில் நாம் அதனை உணர்வதில்லை.

மேலும், அச்சும் சக்கரமும் வில்லும் சேர்ந்த தொகுதிக்குத் தனக்கென ஓர் இயல்பான ஆட்ட எண்ணிக்கை உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அது விநாடிக்குப் பத்து, பன்னிரண்டு என்ற அளவில் இருக்கும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே பெரிய ஆட்டத்தைத் தருவதுபோல, சக்கரத்தின் சுழற்சி அவ்வெண்ணோடு ஒத்து வரும் வேகத்தில் நடுக்கம் உச்சம் அடைகிறது. அதனைக் கடந்தால் குறைவதும் உண்டு. வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் போய்விடுகிறது என்று சிலர் கூறுவது இதனாலேயே. குறை நீங்கிவிட்டது என்பது அதன் பொருளன்று.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாய்ப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காலத்தில் வீசும் காற்றின் வலிமையை அங்குள்ள காற்றாலைகளே சாற்றும். உயர்ந்து சதுரமாக நிற்கும் ஜீப் வகை வண்டியைப் பக்கக்காற்று உலுக்கும். அதனை வண்டியின் குறை என மயங்கலாகாது. காற்று அடங்கிய விடியற்காலையில், சமமான சாலையில் சோதிப்பதே முறை.

பட்டறைக்குப் போகுமுன் பார்க்கவேண்டியவை

முதலாவது, டயரின் காற்று. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பும்போது டயர்களில் காற்றை மிகுதியாக அடைத்து அனுப்புவது உண்டு. ஒப்படைக்கும்போது அதனைச் சரியான அளவுக்கு இறக்க மறந்தால் வண்டி கல்லின்மேல் ஓடுவதுபோல் அதிரும். சரியான அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டுள்ள தாளிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும்.

இரண்டாவது, சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய மண். நம் செம்மண் மழையில் குழைந்து வளையத்தின் உட்பக்கத்தில் அப்பிக்கொண்டு, வெயிலில் செங்கல்போல் இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முப்பது கிராமுக்கே மேற்சொன்ன விளைவு என்றால், கைப்பிடி மண்ணின் விளைவை அங்கத்தினர்களே கணித்துக்கொள்ளலாம். இருபருவ மழையும் பெறும் நம் மாவட்டத்தில் இக்காரணம் ஆண்டின் பெரும்பகுதியும் உண்டு. தோட்டத்திலிருந்து வந்தவுடன் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதலே மருந்து.

மூன்றாவது, சக்கரத்தின் நட்டுகள். இவற்றை வரிசையாகச் சுற்றி முறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கவேண்டும். இன்றேல் சக்கரம் நேராக அமராது. எப்போது சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் நல்லது. நட்டு தளர்ந்த வண்டியில் நடுக்கம் உண்டானால் அது வெறும் தொல்லையன்று, உயிருக்கே ஆபத்து. அவ்வண்டியை அங்கேயே நிறுத்திவிடவேண்டும்.

நான்காவது, டயரின் தட்டையான இடம். வண்டி விற்பனையாகாமல் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றிருந்தால் தரையை அழுத்திய பகுதி தட்டையாகிவிடும். சில நாள் நின்றதனால் வந்த தட்டை, இருபது கி.மீ. ஓடி டயர் சூடானால் மறையும். பல மாதம் நின்றதனால் வந்தது நிலைத்துவிடக்கூடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வண்டியை ஏற்குமுன் ஐந்து டயர்களிலும் இதனைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஆறு சோதனைகள்

மேற்கண்டவை சரியாக இருந்தும் அதிர்வு நிற்கவில்லையெனில், பின்வரும் சோதனைகளை ஒழுங்காகச் செய்யவேண்டும். ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதுபவர் ஒருவர் என இருவர் வேண்டும். போக்குவரத்து இல்லாத, சமமான, நேரான சாலையே தகும். சரிவில் இச்சோதனைகளைச் செய்யலாகாது.

1. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜின் வேகத்தை மெல்ல உயர்த்துக. நின்ற நிலையிலும் அதே நடுக்கம் தோன்றினால் குறை என்ஜின் பக்கத்தில் உள்ளது. என்ஜினைத் தாங்கும் இரப்பர் மெத்தைகள் சரியாக அமராமை, புகைக்குழாய் சட்டத்தைத் தொடுதல் முதலியவற்றைப் பார்க்கவேண்டும்.

2. ஓடும்போது நடுக்கம் எவ்வேகத்தில் தொடங்குகிறது, எங்கு உச்சம் அடைகிறது, எங்கு மறைகிறது என்று குறிக்க. பின்னர் அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டுக. கியர் மாறினால் என்ஜினின் சுழற்சி மாறும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. நடுக்கம் மாறாமல் இருந்தால் என்ஜின் குற்றமற்றது என்று துணியலாம்.

3. நடுக்கம் தோன்றும் வேகத்தில், கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து வண்டியைத் தானே உருளவிடுக. என்ஜினை எக்காரணத்தாலும் அணைக்கலாகாது. நடுக்கம் தொடர்ந்தால் சக்கரத்திலோ, பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் புரொப்பல்லர் ஷாப்டிலோ எடைச்சமன் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டால் மறைந்தால், பளு ஏறும்போது மாறுகின்ற மூட்டுகளையும் அவற்றின் கோணத்தையும் ஐயுறவேண்டும்.

4. அதிர்வு உடலில் எங்கே தெரிகிறது என்று பார்க்க. ஸ்டியரிங்கைப் பற்றிய கையில் தெரிந்தால் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் அல்லது ஷாப்டு.

5. அதிர்வு எத்துணை விரைவானது என்று உணர்க. 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 10 சுற்று. டிபரன்ஷியலின் பல்விகிதம் 4-க்கு 1 எனக் கொண்டால் ஷாப்டு விநாடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 67 வெடிப்புகள். சக்கரத்தின் குறை உதறலாகத் தெரியும். ஷாப்டின் குறை ரீங்காரமாகக் காதிலும் காலடியிலும் தெரியும். தறியின் ஓசையைக் கேட்டே நாடாவின் ஓட்டம் பிசகியதை அறியும் நெசவாளருக்கு இவ்வேறுபாட்டை உணர்தல் அரிதன்று.

6. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், சக்கரத்தை விட்டுப் பிரேக்குத் தட்டுகளைப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் சில நாள் நின்ற வண்டியின் தட்டில் துரு படிந்திருக்கும். அது சில முறை மிதித்தவுடன் தேய்ந்து நீங்கும். நீங்காவிட்டால் தட்டின் கனம் சீராக இல்லை எனலாம்.

இவற்றோடு செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. முன்சக்கரங்களைப் பின்னும் பின்சக்கரங்களை முன்னும் மாற்றி மாட்டுக. கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு நகர்ந்தால், குறை அச்சக்கரங்களிலேயே இருப்பது ஐயமற விளங்கும்.

சக்கரத்தின் குறையைக் களைதல்

அலைன்மென்டு வேறு, பேலன்சிங் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பணம் விரயமாக்குவோர் பலர். சக்கரங்கள் நோக்கும் திசையைச் சரிசெய்வது அலைன்மென்டு. அது பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். எடையைச் சமன் செய்வது பேலன்சிங். அது பிசகினாலே நடுங்கும். பேலன்சிங் செய்யும்போது வளையத்தின் உட்புறம், வெளிப்புறம் ஆகிய இரண்டிலும் எடை பார்க்கவேண்டும். எடையைப் பொருத்தியபின் மறுபடியும் ஒருமுறை சுற்றவைத்து, இருபுறமும் சுழி காட்டுவதைக் கண்ணால் கண்ட பின்னரே எழுந்து வரவேண்டும்.

எடை சமனாக இருந்தும் சக்கரம் வட்டமாக இல்லாவிட்டால் நடுக்கம் நிற்காது. இதனைக் காண ஒரு குச்சி போதும். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, டயரின் அருகே ஒரு குச்சியை அசையாமல் நட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுக. குச்சிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கூடியும் குறைந்தும் வந்தால் டயரோ வளையமோ கோணல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகலாகாது.

வாங்கியவுடன் அழகுக்காக வேறு வளையங்களை மாட்டுவோரும் உளர். அவ்வளையத்தின் நடுத்துளை வண்டியின் அச்சுமுனைக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயனில்லை.

புரொப்பல்லர் ஷாப்டும் அதன் மூட்டுகளும்

நம் மாவட்டம் கடலை ஒட்டியது. உப்புக்காற்றுக்கு அஞ்சி, வண்டி வாங்கிய சூட்டிலேயே அடிப்பாகத்தில் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது இங்கு வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் அப்பூச்சு ஷாப்டின்மேல் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் படிந்துவிட்டால், விநாடிக்கு நாற்பது முறை சுழலும் அத்தண்டு சமன் இழக்கும். பூச்சு அடித்த பிறகே அதிர்வு தொடங்கியது என்றால் முதலில் அதனைத் துடைத்தெடுக்கச் செய்யவேண்டும். ஷாப்டில் ஒட்டவைத்துள்ள சிறு இரும்புத் தகடு எடைச்சமனுக்காகத் தொழிற்சாலையில் வைத்தது. அதனைத் தேவையற்றதென்று பெயர்த்தெறியலாகாது.

ஷாப்டின் இருமுனையிலும் உள்ள சிலுவை மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. மூட்டு நேராக இல்லாமல் கோணமாகச் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுற்றும். கோணம் 10 பாகையானால் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகையானால் நூற்றுக்கு ஆறு. முதல் மூட்டு உண்டாக்கும் இத்தயக்கத்தை இரண்டாம் மூட்டு நேர்செய்துவிடும். ஆனால் இரு மூட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். இரு கோணங்களும் சமமாக இருக்கவேண்டும். ஷாப்டைக் கழற்றி மீண்டும் பொருத்தும்போது ஒரு பல் தள்ளிப் பொருத்திவிட்டால் இவ்வொழுங்கு குலையும். ஆதலின் கழற்றுமுன் இருபுறமும் அடையாளக்கோடு இடவேண்டும் என்று மெக்கானிக்கிடம் வற்புறுத்துதல் நன்று.

வில்லை உயர்த்தி வண்டியை மேலெழுப்பும் வேலை இப்போது பரவி வருகிறது. அவ்வாறு உயர்த்தினால் மூட்டுக்கோணம் பெரிதாகி அதிர்வு வருவதில் வியப்பில்லை. உத்தரவாதத்துக்கும் அது ஊறு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

நான்கு சக்கர இயக்கமும் முன்னச்சின் துடிப்பும்

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் செல்லும் தூரம் அதிகம். பின்சக்கரங்கள் செல்லும் தூரம் குறைவு. வேண்டும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் வகை நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இயலாது. ஆதலின் தண்டுகள் முறுக்கேறி வண்டி குதித்துக் குதித்துத் திரும்பும். இது குறையன்று, பயன்படுத்திய இடம் பிழை. தோட்டத்தை விட்டுத் தார்ச்சாலை ஏறியவுடன் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றிவிடவேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும், அதிகத் தேய்மான வேறுபாடு இல்லாமலும் இருத்தல் வேண்டும்.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் வண்டிகளில் வேறொரு துடிப்பு உண்டு. பழைய ஜீப்புகள் அவ்வகையின. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியும் அவ்வமைப்பே உடையது. சாலையில் ஒரு பள்ளம் தாக்கியவுடன் ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதற்கும் தாவி, ஸ்டியரிங் இருபுறமும் வேகமாக உதறுவதே அத்துடிப்பு. ஸ்டியரிங் மூட்டுகளோ அச்சைப் பிடிக்கும் தண்டுகளோ சற்றுத் தளர்ந்திருப்பதும், சக்கரம் சமன் இல்லாதிருப்பதும் இதற்கு இடம் தரும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பற்றி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவேண்டும். அதிர்ச்சி தாங்கும் டாம்பரை மட்டும் மாற்றினால் துடிப்பு சில நாள் ஒளிந்திருக்கும். தளர்ந்த மூட்டைக் கண்டு இறுக்கினாலன்றி நீங்காது.

எல்லா அதிர்வும் குறையாகாது என்பதையும் மறத்தலாகாது. டீசல் என்ஜின் நின்ற நிலையில் சற்று நடுங்கும்; மூன்று சிலிண்டர் என்ஜின் நான்கு சிலிண்டர் என்ஜினைவிட மிகுதியாக நடுங்கும். சேற்றுக்கென ஆழ வெட்டிய டயர்கள் தார்ச்சாலையில் இரையும். அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டியை அதே சாலையில் ஓட்டி ஒப்புநோக்கினால் இயல்பு எது, குறை எது என்பது தெளிவாகும்.

எழுத்தே சான்று

குறை உறுதியானால், விற்பனையாளரின் பட்டறையில் வாய்மொழியாகக் கூறி வருதல் போதாது. "வண்டி ஆடுகிறது" என்று மட்டும் எழுதாமல், "80 முதல் 95 கி.மீ. வேகத்தில், எல்லாக் கியரிலும், நியூட்ரலிலும், ஸ்டியரிங்கில் நடுக்கம்" என்பதுபோல் வேலைச்சீட்டில் எழுதச் செய்து, அதன் நகலைப் பெறவேண்டும். பட்டறைத் தலைவரையே உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுதல் இன்னும் சிறந்தது. ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய தூரம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துவைக்கவேண்டும். உத்தரவாதக் காலம் முடியுமுன் முதல் முறையீடு பதிவாகியிருத்தல் மிக முக்கியம்.

பலமுறை முயன்றும் குறை தீராவிடில் சட்டத்தின் துணை உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளைத் தொடுக்கலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகார். எனினும் தம் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோரே. கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் 'நபர்' என்னும் சொல்லில் அடங்கும். எவர் வழக்குத் தொடுத்தாலும் குறையைக் காட்டும் பொறுப்பு அவரையே சாரும். அங்கே பேசுவன நம் வேலைச்சீட்டுகளும் குறிப்புகளுமே.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது வண்டி வாங்குவோர் முதல் மாதத்துக்குள்ளாகவே, காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில், நெடுஞ்சாலையில் விதித்த வேக எல்லைக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடவேண்டும். நடுக்கம் இருந்தால் மேற்கூறிய சோதனைகளைச் செய்து ஒரு தாளில் குறித்து, அதனோடு பட்டறைக்குச் செல்க. அத்தாளின் நகல் ஒன்றைச் சங்கத்திலும் கொடுத்துவைத்தால், அடுத்து வாங்கும் அங்கத்தினருக்கு அது வழிகாட்டும். ஒருவர் பட்ட பாட்டை மற்றவரும் படாமல் காப்பதற்கன்றோ நாம் சங்கமாகச் சேர்ந்துள்ளோம்.